கசப்புக்குக் காசு கொடுப்பவர் யார்?

மலேசியாவில் எந்தச் சிற்றூர் மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் பணம் வாங்கும் மேசையை ஒட்டி அந்த அடுக்கைப் பார்க்கலாம். கறுப்பும் பொன்னிறமுமாக மின்னும் பொட்டலங்கள். ஒன்றைக் கிழித்துச் சுடுநீரில் கொட்டினால் ஒரு குவளைக் காப்பி. மேலே 'தொங்காட் அலி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆண்மை, வலிமை, சுறுசுறுப்பு என்று மீதியையும் சொல்லிவிடும். தென்கிழக்கு ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பண்டார் தெங்காராவும் இதற்கு விலக்கல்ல. பொட்டலம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தொங்காட் அலி ஒரு காட்டுச் செடியின் வேர்; அதை மலாய்க்காரர்களும் காட்டையே வீடாகக் கொண்ட பூர்வகுடிகளும் காலங்காலமாகக் காய்ச்சிக் குடித்தது காய்ச்சலுக்கும்தான்.

வேர் கடுங்கசப்பு. நாக்கில் பட்டால் அரை மணி நேரமாவது போகாது. இப்போது பால்மாவும் சர்க்கரையும் அந்தக் கசப்பை மூடிவிடுகின்றன. காய்ச்சலும் அதோடு சேர்ந்து மூடப்பட்டுவிட்டது.

பண்டார் தெங்காராவைப் பொறுத்தவரை காய்ச்சல் பழங்கதை இல்லை. 1972இல் ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியமான கெஜோரா உருவானபோது, கூலாய்க்கும் கோத்தா திங்கிக்கும் அப்பால் கிடந்த பெருங்காடு திட்டமிட்டு வெட்டப்பட்டது. செம்பனை வந்தது, குடியேற்றம் வந்தது, புது ஊர்கள் முளைத்தன. காடு போன இடத்தில் காட்டின் ஓரம் நீண்டது. தோட்டம் ஒரு பக்கம், மிச்சக் காடு ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் நீள்வால் குரங்கு. குரங்கின் இரத்தத்தில் வாழும் ஒரு மலேரியா ஒட்டுண்ணிக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது.

அந்த ஒட்டுண்ணியின் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போன ஒரு குரங்கின் இரத்தத்தில் அது தென்பட்டது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் 1932இல் அதை மனிதருக்கும் ஏற்றிப் பார்த்து, தொற்றும் என்று காட்டினார்கள். ஆனால் கொசு வழியாகத் தானாகவே மனிதருக்கு வருமா என்ற கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. 1965இல் பகாங் காட்டில் இரவில் வேலை பார்த்த ஓர் அமெரிக்க நில அளவையாளர் முதல் சான்று ஆனார். இரண்டாவது ஐயத்துக்குரிய நோயாளி 1971இல் பதிவானவர், ஜொகூர்க்காரர். அதற்குப் பிறகு மறுபடி மௌனம். 2004இல் சரவாக்கின் காப்பிட்டில் பால்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தபோது 120 பேருக்கு இருந்தது நோலெசி. அதுவரை உருப்பெருக்கியில் பார்த்தவர்கள் அதை வேறொரு சாதுவான மலேரியா என்று எழுதிவைத்திருந்தார்கள். சாது என்று நம்பப்பட்டது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகக்கூடியது. கவனிக்காமல் விட்டால் ஆளைக் கொல்லும்.

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா இல்லை. அதே ஆண்டில் நோலெசி நோயாளிகள் நாலாயிரத்தைத் தாண்டினார்கள். இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கும் கொசுக்களைப் பல ஆண்டுகளாகத் தேடிவருபவர்களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திரா வைத்திலிங்கம் முக்கியமானவர். அவருடைய குழு ஜொகூரின் காட்டோரங்களிலும் கொசு பிடித்திருக்கிறது. இக்கொசுக்கள் வீட்டுக்குள் வருவதைவிட வெளியில், பொழுது சாயும் நேரத்திலும் முன்னிரவிலும் கடிப்பவை. கொசுவலையை வீட்டில் விரித்துவிட்டுக் காட்டோரத்தில் வேலை செய்பவரை வலை எப்படிக் காக்கும்?

ஆக, ஒரே காட்டில் நோயும் இருக்கிறது, நோய்க்கென்று மக்கள் காய்ச்சிய வேரும் இருக்கிறது. அந்த வேரிலிருந்து இன்னும் ஏன் ஒரு மாத்திரை வரவில்லை?

யாரும் தேடவில்லை என்று சொல்ல முடியாது. தொங்காட் அலியின் வேரிலிருந்து பிரித்த பொருள்களைச் சான் கிட் லாமும் லண்டன் ஆய்வாளர்கள் சிலரும் பால்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணியின் மீது சோதித்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். பல மருந்துகளுக்கும் மசியாத வகை அது. யூரிகோமனோன் உள்ளிட்ட, குவாசினாய்டு என்னும் கசப்புப் பொருள்கள் அதைச் சோதனைக் குழாயில் கொன்றன. சான் பின்னர் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சியைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். அதாவது நாட்டு வைத்தியம் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று ஆய்வகம் ஒப்புக்கொண்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. குவாசினாய்டுகள் ஒட்டுண்ணியைக் கொல்வது அதன் புரத உற்பத்தியை நிறுத்தி. மனித உயிரணுவும் புரதம் செய்துதான் வாழ்கிறது. ஒட்டுண்ணிக்கு நஞ்சாகும் அளவுக்கும் மனிதருக்கு நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதுதான் மருந்தின் உயிர்நிலை; இந்தக் குடும்பத்தில் அது குறுகலானது. இதே குடும்பத்தைச் சேர்ந்த புரூசியாண்டின் புற்றுநோய்க்கென்று அமெரிக்காவில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு, பலனைவிடத் தொல்லை மிகுந்ததால் கைவிடப்பட்டது. அடுத்தது வயிறு. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த யூரிகோமனோனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இரத்தத்தைச் சேர்ந்தது. அதற்கும் அடுத்தது மண். வேர் முற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். எந்தக் காட்டில், எந்த வயதில் பிடுங்கியது என்பதைப் பொறுத்துச் சரக்கு மாறும். இவை ஒவ்வொன்றுக்கும் வேதியியலில் வழி உண்டு. மூலக்கூறின் ஒரு மூலையைத் திருத்தலாம், வேறொன்றை ஒட்டலாம், நூறு வடிவங்கள் செய்து தொண்ணூற்றெட்டைக் குப்பையில் போடலாம். அந்தத் தொண்ணூற்றெட்டுக்கு யார் பணம் கொடுப்பது?

ஆண்மைக் காப்பிக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. வாங்குகிறவர் கையில் காசு இருந்தது.

மூலிகையிலிருந்து மருந்து வருவதில்லை என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. ஒட்டுண்ணி நோய்களுக்கு இன்று உலகம் நம்பியிருக்கும் சிறந்த மருந்துகளில் பல இயற்கையிலிருந்து வந்தவைதான். அவை எப்படி வந்தன என்று பார்த்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு செலவாளி நிற்கிறார். பெரும்பாலும் அவர் நோயாளிக்காகச் செலவு செய்தவர் அல்லர்.

குயினைன் கதையில் நமக்குப் பங்கு உண்டு. தென்னமெரிக்க மலைகளின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பாரிசில் பெல்லெத்தியேவும் கவெந்தூவும் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். வெப்ப நாடுகளில் தன் படையையும் அதிகாரிகளையும் காப்பாற்ற வேண்டியிருந்த பிரிட்டிஷ் அரசுக்கு அந்த மரம் தன் கைக்குள் தேவைப்பட்டது. 1860இல் விதைகளும் கன்றுகளும் உதகமண்டலம் வந்து சேர்ந்தன; மக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டத்தில் அரசாங்கக் குயினைன் ஆலையும் எழுந்தது. அந்த மலையில் வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். மலாயா பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடமில்லாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். தண்டனை முடிந்தபின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டதை மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். மலாயாவிலிருந்து கைதிகள் நீலகிரிக்கு, தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் மலாயாவுக்கு: இரண்டு திசையிலும் கப்பல் ஓடியிருக்கிறது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி இருக்கிறது. சின்கோனா பட்டையில் குயினைன் மட்டுமல்ல, குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்று முக்கியமாக நான்கு சரக்குகள் உண்டு. நீலகிரியில் நன்றாக வளர்ந்த செம்பட்டை மரத்தில் குயினைன் குறைவு, மற்றவை அதிகம். அவற்றைத் தூக்கி எறிய வேண்டுமா? 1866 முதல் 1868 வரை சென்னை உள்ளிட்ட மாகாணங்களில் அமைக்கப்பட்ட சின்கோனா ஆணையங்கள் நான்கையும் தனித்தனியே சுமார் 3,600 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தன. காய்ச்சல் முறை நின்றதா என்பதே அளவுகோல். நான்குமே 98 விழுக்காட்டுக்கு மேல் பலித்தன. மருந்துச் சோதனை என்று இன்று நாம் சொல்வதற்கு இவ்வளவு நெருக்கமான ஒன்றை அந்தக் காலத்தில், அதுவும் மலிவு மருந்து தேடி, இந்தியாவில் செய்திருக்கிறார்கள். அரசாங்கம் அதன் மேல்தான் 'சின்கோனா காய்ச்சல் தூள்' என்ற கலப்பு மருந்தை உருவாக்கி மலிவாக விற்றது.

ஆனால் சந்தை குயினைனையே கேட்டது. குயினைன் செறிந்த வேறொரு வகை விதை டச்சுக்காரர்களிடம் போனது; ஜாவாவின் தோட்டங்கள் உலகின் குயினைன் தேவையில் பத்தில் ஒன்பது பங்கைத் தந்தன. நீலகிரி பின்தங்கியது. 1942 மார்ச்சில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது உலகத்துக்குக் குயினைன் கதவு சாத்திக்கொண்டது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. குயினைன் விளையும் தீவையே கைக்குள் வைத்திருந்த படைதான் அந்தப் பாதையைப் போட்டது. காட்டு முகாம்களில் மலேரியாவிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருந்த தொழிலாளிக்குக் குயினைன் போய்ச் சேரவில்லை.

அதற்கு முன்பும் நிலைமை பெரிதாக நன்றாக இல்லை. 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே ஆண்டில் இறந்தார்கள். மலேரியா அதில் பெரும் பங்கு. விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) வரிசையாக நிறுத்திக் குயினைன் ஊற்றுவது தோட்டங்களில் வழக்கம். வாயில் வைத்திருந்து அப்பால் போய்த் துப்பிவிடுவதும் வழக்கம்தான். அந்தக் கசப்பை யார் குடிப்பார்? மரணத்தை உண்மையில் குறைத்தது மருந்தைவிட வடிகால். 1901இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து அதைக் காட்டினார். மருந்தைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

புழுக்களுக்கு வருவோம். தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்த நாள் மறக்காது. கொக்கிப்புழுவுக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவர்கள் நம்பிய இரண்டு மருந்துகளும் செடியிலிருந்து வந்தவை. ஒன்று செனோபோடியம் எண்ணெய், மற்றொன்று தைமால். தைமால் எடுக்கப்பட்டது நம் வீட்டு ஓமத்திலிருந்து. போருக்கு முன் இந்திய ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குப் போய்த் தைமால் படிகமாகத் திரும்பியது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிலையத்தின் சாமுவேல் டார்லிங் குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. தோட்டத் தொழிலாளரின் குடலில் எத்தனை புழு என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொருவராகச் சோதிப்பதைவிட எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுப்பதே மேல் என்ற வாதத்துக்கு அந்தக் கணக்கு வலுச் சேர்த்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நாளில் ஆல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோமே, அதன் தாத்தா அந்த யோசனை. அங்கும் செலவாளியின் கணக்கு ஒளிந்திருக்கவில்லை: புழு குறைந்தால் இரத்தம் கூடும், இரத்தம் கூடினால் ரப்பர்ப் பால்வெட்டு கூடும்.

நம் பாட்டிமார் பட்டியல் இதைவிட நீளமானது. வாய்விளங்கம், புரசு விதை, வேப்பங்கொழுந்து, பப்பாளிப் பால். வேலியில் பூத்துத் தொங்கும் ரங்கூன் மல்லியின் விதை மலாயாவிலும் சீனாவிலும் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து. அதிலிருந்த குயிஸ்குவாலிக் அமிலம் புழு மருந்தாகத் தேறாமல் போய், மூளை நரம்புகளை ஆராயும் கூடங்களில் கருவியாகப் புது வாழ்வு பெற்றது. பப்பாளிப் பாலின் நொதிகள் புழுவின் தோலையே செரித்துவிடுவதை இங்கிலாந்து ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன.

பட்டியலில் ஒரு பெயரைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்: ஆடுதீண்டாப்பாளை. ஆங்கிலத்திலேயே அதற்குப் 'புழுக்கொல்லி' என்று பெயர். புழு சாகும் என்பதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருட்டும், புற்றுநோயையும் தரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உட்கொண்ட பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. இந்த நஞ்சு பல மாதம், பல வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்கும். குடித்த அன்று புழு விழுந்ததைப் பார்த்த பாட்டிக்கு இருபது வருடம் கழித்து வந்த சிறுநீரக நோயோடு அதை முடிச்சுப் போட வழியே இல்லை. அனுபவ அறிவுக்கு எட்டாத தூரம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆய்வகம் எதற்கு வேண்டும் என்பதற்குச் சொல்கிறேன்.

ஆய்வகமும் தன்னை ஏமாற்றிக்கொள்ளும். மலேசிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. யானைக்கால் நோயைத் தரும் புருஜியா மலாயி என்ற புழு, பெயரிலேயே மலாயாவைச் சுமப்பது; தீபகற்பத்தின் சதுப்புக் காடுகளில் அது மனிதருக்கும் இலைதின்னிக் குரங்குக்கும் நடுவே போய்வரும் உயிரி. அதன் முதிர்ந்த புழுக்களை எடுத்து மூன்று செடிகளின் நீர்ச்சாற்றில் விட்டுப் பார்த்தார்கள். ஒன்று அலையாத்திக் காட்டு மரமான நீரே, இரண்டாவது நம் சீந்திலின் மலேசிய உறவான பெத்தாவாலி, மூன்றாவது ஹெம்பெடு பூமி. மலாய்ப் பெயரின் பொருள் 'பூமியின் பித்தம்'. வேறு யாருமில்லை, நம் நிலவேம்புதான். நீரே மர விதையின் சாற்றில் புழுக்கள் விரைவாக அசைவிழந்தன. அடுத்த இடம் நிலவேம்புக்கு. 1982இலேயே இந்திய ஆய்வாளர்கள் இருவர் நாயின் இரத்தத்தில் உள்ள, யானைக்கால் புழுவின் உறவான ஒரு வகைப் பிலேரியாவை நிலவேம்பு இலைச்சாறு குறைப்பதாக எழுதியிருந்தார்கள்.

அப்படியானால் நிலவேம்பு யானைக்கால் மருந்தா? இல்லை. கண்ணாடித் தட்டில் புழு சாற்றுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. மனித உடலில் அது நிணநீர்க் குழாயின் மூலையில் குடியிருக்கிறது. மருந்து குடலைக் கடந்து, கல்லீரலின் சோதனைச் சாவடியைத் தாண்டி, இரத்தத்தில் கரைந்து அங்கே போய்ச் சேர வேண்டும். செடிச்சாற்றுச் சோதனைகளில் மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் ஊற்றுவது வழக்கம். நல்ல மருந்து ஒன்று இரத்தத்தில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கிலோ அதற்கும் கீழோதான் இருக்கும். மில்லிகிராம் கணக்கில் ஊற்றினால் உப்புத் தண்ணீர் கூடப் புழுவைக் கொல்லக்கூடும் என்று இந்தத் துறையில் கேலி செய்வார்கள். 'இந்த மூலிகைச் சாறு ஒட்டுண்ணியைக் கொல்கிறது' என்று முடியும் ஆய்வுக் கட்டுரைகள் இந்தியாவிலும் மலேசியாவிலும் ஆண்டுதோறும் குவிகின்றன. முனைவர் பட்டத்துக்கு அது போதும். நோயாளிக்கு அது பயணத்தின் முதல் அடி கூட இல்லை, காலணி தேடும் கட்டம். கடுமையாகச் சொல்கிறேன் என்றால் காரணம் உண்டு: இத்தகைய கட்டுரைகளின் தலைப்புகள் அப்படியே வாட்ஸப்பில் வைத்தியமாகிவிடுகின்றன.

பயணத்தை முடித்தவை எப்படி முடித்தன? சீனாவில் 1967 மே 23 அன்று தொடங்கியதால் 523 என்று பெயர் பெற்ற இரகசியத் திட்டம் வியட்நாம் போர்க் காடுகளில் குளோரோகுயினுக்கு மசியாத மலேரியாவால் படைவீரர்கள் விழுந்ததால் பிறந்தது. தூ யூயூவின் குழு பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டியது. நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங் மாசிபத்திரியின் உறவான ஒரு செடியைக் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தார். சூடு சரக்கைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற தூ, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் மாதிரி எலிகளின் மலேரியாவை முழுதாகத் துடைத்தது. அதுதான் ஆர்ட்டெமிசினின் ஆனது. செலவாளி ராணுவம்.

ஐவர்மெக்டின் கதையில் செலவாளி மாடு. ஜப்பானில் இத்தோ நகரத்துக் கோல்ஃப் மைதானத்துக்கு அருகில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்துக்குப் போய், வில்லியம் கேம்பெல் கையில் கால்நடைகளின் குடற்புழு மருந்தாயிற்று. 1981இல் சந்தைக்கு வந்து உலகின் மிகப் பெரிய கால்நடை மருந்தாக விற்றது. அதே பொருள் ஆப்பிரிக்காவில் பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருட்டு நோயின் புழுவையும் அடக்கும் என்று மெர்க்கின் முகமது அசீஸ் செனகலில் நடத்திய சோதனை காட்டியது. வாங்கக் காசில்லாதவர்களுக்கு எப்படி விற்பது என்று விழித்த நிறுவனம் 1987இல் இலவசமாகவே தருவதாக அறிவித்தது. யானைக்கால் ஒழிப்பிலும் இன்று அதற்கு இடம் உண்டு. 2015 நோபல் பரிசை ஓமுராவும் கேம்பெல்லும் தூவும் பகிர்ந்துகொண்டார்கள். மாடுகளுக்குப் புழு இல்லாதிருந்தால் அந்தப் பரிசில் பாதி இல்லை.

அடுத்து வருவது பூனையின் தயவில். கமேலியா மர இலையில் வாழும் ஒரு பூஞ்சணம் சுரக்கும் பொருளைத் திருத்திச் செய்தது எமோடெப்சைடு. கடைகளில் பூனையின் பிடரியில் தடவும் புழு மருந்தாக விற்றது. 2014இல் பேயர் நிறுவனம் அதை மனிதர்களின் ஆற்றுக்குருட்டுக்கென்று வளர்த்தெடுக்க ஒப்பந்தம் செய்தது. தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்து 2023இல் முடிவு வெளியான சோதனை எனக்கு அதைவிடச் சுவையானது. சாட்டைப்புழு இருந்தவர்களில் ஆல்பெண்டசோல் தேற்றியது ஆறில் ஒருவரை. 5 மில்லிகிராம் எமோடெப்சைடு பத்தில் எட்டுப் பேருக்கு மேல். மலேசியப் பூர்வகுடிக் குழந்தைகளிடம் வருடக்கணக்காக மாத்திரை கொடுத்தும் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது இதே சாட்டைப்புழு. அவர்களுக்கு நல்ல செய்தி வந்தால் அது ஐரோப்பியப் பூனைகள் வழியாக வரும்.

இந்தப் பின்வாசல்களை நம்பியே இருக்கவேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. 1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு வந்த புதிய மருந்துகள் 1,393. வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து அதில் 16 மட்டுமே. அந்தக் கணக்கின் எரிச்சலில் பிறந்தது, புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து தேடும் டிஎன்டிஐ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. 2003இல் அதைத் தொடங்கியவர்களில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பாஸ்டர் நிறுவனமும் இருந்தன; மலேசியச் சுகாதார அமைச்சும் இருந்தது. மலேசியா அதில் வெறும் கையெழுத்தோடு நிற்கவில்லை. கல்லீரலைத் தின்னும் ஹெப்படைட்டிஸ் சி-க்கு ராவிடாஸ்வீர் என்ற மருந்தை எகிப்திய நிறுவனத்தோடு சேர்ந்து மலேசிய, தாய்லாந்து மருத்துவமனைகளில் 301 பேரிடம் சோதித்து, 97 விழுக்காடு குணம் கண்டு, 2021 ஜூனில் மலேசியாவில் பதிவு செய்தார்கள். அது ஒட்டுண்ணி மருந்தும் அல்ல, மூலிகையும் அல்ல. ஆனால் தொண்ணூற்றெட்டு தோல்விகளைத் தாங்கும் அமைப்பும் மருத்துவமனையும் பதிவு அலுவலகமும் இந்த நாட்டில் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. பினாங்கில் தொங்காட் அலியோடு நடந்த ஆராய்ச்சிக்கு அப்படியொரு தோள் கிடைக்கவில்லை.

அறிவு யாருடையது என்ற கேள்வியும் கூடவே வரும். உயிரிய வளங்களையும் அவற்றைச் சார்ந்த மரபறிவையும் பயன்படுத்தினால் பங்கு தர வேண்டும் என்று மலேசியா 2017இல் சட்டம் செய்தது. நமக்கு அருகிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. அகத்தியமலைக் காணி மக்கள் களைப்புத் தீரத் தின்ற ஆரோக்கியப்பச்சையைத் திருவனந்தபுரத்துத் தாவர ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' ஆக்கியது. 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்து, கிடைத்ததில் பாதியைக் காணிகளுக்கென்று ஒதுக்கியது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. அதிலிருந்து வந்தது என்ன? இன்னொரு வலிமை டானிக். காணிகளின் காட்டறிவும் ஜொகூரின் பூர்வகுடிகளான ஜாக்குன் மக்களின் காட்டறிவும் சந்தையின் வாசலுக்கு வந்தால் ஒரே உருவம் எடுக்கின்றன.

நோலெசி ஒட்டுண்ணிக்கும் ஒரு விசித்திரமான பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. 2013இல் அதை மனித இரத்தத்திலேயே ஆய்வகத்தில் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவை அப்படித் தொடர்ந்து வளர்க்க இன்னும் முடிவதில்லை. ஆகவே அதற்கு மருந்து தேடுபவர்கள் நோலெசியைப் பதிலியாக வைத்துச் சோதிக்கிறார்கள். மலாயாக் காட்டின் குரங்குக் காய்ச்சல் இப்போது லண்டன் ஆய்வு மேசையில் உரைகல். தொங்காட் அலியின் கசப்பை அந்த உரைகல்லில் மறுபடி உரசிப் பார்க்கச் சோதனைக்கூட அளவில் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பண்டார் தெங்காராக் கடையின் அடுக்குக்குத் திரும்பலாம். மலேசியாவில் மருந்தாகப் பதிவான எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் 'மால்' என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அதன் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. மருத்துவரோ மருந்தாளரோ கொடுக்க வேண்டிய கட்டுப்பாட்டு மருந்தென்றால் 'ஏ'. பாரம்பரிய மருந்தென்றால் 'டி'. அதற்குப் பாதுகாப்பையும் தரத்தையும் காட்டினால் போதும், நோயைத் தீர்க்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டியதில்லை. தொங்காட் அலி மாத்திரைகளின் எண் 'டி'யில் முடிகிறது. பக்கத்திலிருக்கும் காப்பிப் பொட்டலத்துக்கு அந்த எண்ணே இல்லை, அது உணவு. செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துக் குளிர்காய்ச்சலோடு வருகிறவரிடம் மருத்துவ உதவியாளர் முதலில் கேட்பது காட்டுக்குப் போனாயா என்று. விரல் நுனியில் குத்திக் கண்ணாடிச் சில்லில் இரத்தம் எடுப்பார். நோலெசி என்று தெரிந்தால் கொடுப்பது சீனத்துச் செடியிலிருந்து வந்த ஆர்ட்டெமிசினின் கலவை மாத்திரை.